வாடகைக்குப் போன ஜமீன்தார்

“…அடுத்தவங்க வீட்டுத் தாத்தாவை எல்லாம் ஸ்கூட்டர்ல வச்சுத் தூக்கிட்டு வரத் தெரியுது. உங்க அப்பாவுக்குன்னு ஒரு படம் உண்டா இந்த வீட்டுல?” என்றாள் அம்மா, வடையைத் தட்டி எண்ணெயில் விட்டபடி.

மகாளய அமாவாசைக் காலை அது. ஆற்றுக்குப் போய் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்த அப்பா ஈர வேட்டியோடு கூடத்தில் நின்றிருந்தார். எதிரே, சுவரில் சாய்ந்தபடி, எண்ணெய் ஓவியத்தில் ஒரு ஜமீன்தார். ஜரிகைச் சால்வை, கையில் தடி, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட மூக்கு. எங்களுக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

உறவுக்காரர்கள் மாடியில் இருந்தார்கள். பவானிபூரில் அவர்களுடைய பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரரை வங்காளிப் பிள்ளைகள் மாதிரியே நானும் ‘ஜேட்டு’ என்பேன், பெரியப்பா என்று அர்த்தம். சொத்து பிரிந்தபோது அவருடைய சித்தப்பாக்கள் முன்னோர் படங்களை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போய், கேட்டவர்களுக்கெல்லாம் விற்றுவிட்டார்களாம். மாடிப்படிச் சுவரில் ஆணிகள் மட்டும் மிச்சம். அந்த ஆணிகளுக்கெல்லாம் மறுபடி ஆள் சேர்ப்பது என்று ஜேட்டு கிளம்பினார்.

அதில் ஒரு சிக்கல். ஜேட்டு படம் இருக்கும் கடைக்குள் நுழைந்தால், கடைக்காரர் அவர் மூக்கையும் படத்தின் மூக்கையும் பார்ப்பார். உடனே விலை இரண்டு மடங்கு. அதனால் ஜேட்டு தெருமுனையில் டீ குடித்துக்கொண்டு நிற்பார். கார்டன் ரீச்சில் ரயில்வே வேலை பார்த்த என் அப்பா, ஞாயிற்றுக்கிழமைகளில், வரவேற்பறைக்குப் படம் தேடும் மதராசியாகக் கடைக்குள் போவார். எந்தப் படம் என்று அடையாளம் காட்ட ஆள் வேண்டுமே? ஜேட்டுவின் மகள் போவாள். என் வயதுதான். அவளுக்கு ஒரு பழைய குழுப் புகைப்படத்திலிருந்து எல்லா முகமும் மனப்பாடம். கடைக்குள் அவள் என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, இது” என்று தமிழில் சொல்ல வேண்டும். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்பாதான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஸ்கூட்டரில் முன்னால் நிற்கும் இடம் என்னுடையது. அதில் அவள் ஏறி நின்று டாட்டா காட்டுவாள். வீட்டில் ‘காக்கு’, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுகிறவள் கடையில் ‘அப்பா’ என்பாள். சுவர் நிறையத் தாத்தாக்கள் வைத்திருப்பவளுக்கு என் அப்பாவும் எதற்கு?

“நானும் வரேம்பா” என்றால், “உனக்கு அந்த முகமெல்லாம் தெரியாதே, கண்ணு” என்பார். தெரியாததுதான் என் குற்றம்.

ஒருவர் இனிப்புக் கடையில் கிடைத்தார், ஒருவர் வக்கீல் வீட்டு மாடிப்படியில். கடைசி ஆள் மட்டும் அகப்படவே இல்லை. ஒருநாள் வங்காளி சீரியல் பார்த்துக்கொண்டிருந்த ஜேட்டுவின் மகள் கத்தினாள். செத்துப்போன மாமனாராக மாலையோடு சுவரில் தொங்கியவர் அவளுடைய கொள்ளுத்தாத்தா. விசாரித்தால், பெஹாலாவில் படப்பிடிப்புக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடையில் இருக்கிறார். நீதிபதியாகவும் நடித்திருக்கிறாராம், ஒரு பேய்ப் படத்திலும் வந்திருக்கிறாராம். “உங்க அப்பாவைவிட நல்ல சம்பாத்தியம்” என்றாள் அம்மா.

அமாவாசைக்கு முந்தின மாலை மூன்று பேரும் மழையில் நனைந்து, அவரைத் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மாடியில் கூரை ஒழுகியதால், ராத்திரி எங்கள் மின்விசிறிக் காற்றில் காயட்டும், காலையில் எடுத்துக்கொள்கிறேன் என்று ஜேட்டு விட்டுப் போனார். அவர் மகள் என்னைத் தனியாக இழுத்துப் பெருமையடித்தாள்.

“உங்க அப்பா என்னமா நடிக்கிறார் தெரியுமா! கடைக்காரன், ‘இந்தக் கிழவர் உனக்கெதுக்கு?’ன்னு கேட்டான். காக்கு, ‘எங்க அப்பா ஜாடை தெரியுது’ன்னார். கண்ணுல தண்ணிகூட வந்துடுச்சு. அவன் உடனே விலையைக் குறைச்சுட்டான்!”

அப்படிப்பட்ட நடிப்பை அவள் பார்த்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. அப்பா நடக்கப் பழகும் முன்பே தாத்தா போய்விட்டார் என்பதும், அவரை யாரும் படம் எடுத்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அமாவாசைப் படையல் வெறும் விளக்குக்கு முன்னால்தான். ஆனால் தெரிந்ததை எதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தெரியாத வயது.

காலையில் அம்மா அப்படிக் கேட்டபோதும் அப்பா திரும்பவில்லை. அந்த மூக்கையும் மீசையையும், ஏதோ தேடுகிறவர் போல, பார்த்துக்கொண்டே நின்றார். அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

அப்போது மாடிப்படியில் ஜேட்டு மகளின் குரல். “காக்கு! பாபா வர்றார், படத்தை எடுத்துட்டுப் போக!”

அம்மா நேரே போய்க் கதவைத் தாழிட்டாள்.

“போமா, அப்புறம் வரச் சொல்லு. இங்க சாமி கும்பிடறோம்” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். மாடிக்காரர்களுக்கு அம்மா ஒருவழியாகச் சரியான பாடம் கற்பித்துவிட்டாள், படம் இனி நமக்குத்தான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா ஏன் தோளிலிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார் என்று யோசிக்கவில்லை.

அம்மா விளக்கடியில் போட்டிருந்த இலையை வடை, பாயசத்தோடு அப்படியே இழுத்துவந்து படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, அத்தனை பாடுபட்டு மீட்ட அந்த ஓவியத்தில், ஜமீன்தாரின் நெற்றி நடுவே வைத்தாள்.