டீசல் இல்லாமல் ஓடிய இன்ஜின்

துபாயிலிருந்து திரும்பிய என் அக்கா வீட்டுக்காரர், பழைய கார் ஒன்றின் டீசல் இன்ஜினைத் தான் ஏறிப் பறக்கவிருந்த குட்டி விமானத்தில் பொருத்தினார். விமானப் பெட்ரோலுக்குக் கூத்தாநல்லூரில் எங்கே அலைவது என்று கேட்டார்.

அறுவடையான வயலில், உச்சிவெயிலில், விமானத்தைப் பனைமரத்தில் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தோம். சாவியைத் திருப்பி அணைத்தார். நிற்கவில்லை. டீசல் குழாயைப் பிடுங்கினேன். வேகம்தான் கூடியது. டீசலுக்குப் பதிலாகத் தன் மசகு ஆயிலையே குடித்து ஓடிக்கொண்டிருந்தது அது.

பம்புசெட்டுக்குச் செய்வதுபோல, நனைத்த சாக்கை அது காற்று இழுக்கும் குழாயில் திணித்தேன். திணறி அடங்கியது. சாக்கை உருவினேன். சொட்டு ஈரமில்லை; தண்ணீரையும் உறிஞ்சியிருந்தது.

"மேல பறக்கும்போது சாக்கை யாரு மச்சான் திணிப்பா?" என்று கத்தினேன்.

அவர் இன்ஜினைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குத் திணிக்கணும் மாப்ளே? வானத்துல நிக்காத இன்ஜின்தானே வேணும்?"