அடுத்த நாற்காலி அக்கா

என் கடைசித் தங்கைக்கு மூத்தது பெண், இளையது ஆண். சொந்தத்தில் எல்லாருக்கும் அவர்கள் பெரியவள், சின்னவன்தான். தாய் போனபின் சின்னவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் பெரியவள். அவன் போதை ஊசியில் விழுந்தபோது அடித்தாள், அழுதாள், கதவைப் பூட்டியும் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. பிறகுதான் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போதைக்காரர்களுக்குப் புது ஊசி கொடுக்கிற அறையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

போதைக்காரனுக்குப் போய் ஊசி கொடுப்பதா என்று என் வீட்டுக்காரரிலிருந்து எல்லாரும் மூக்கில் விரல் வைத்தார்கள். புது ஊசி கிடைக்கவில்லை என்பதற்காகப் பழக்கத்தை விட்டுவிட மாட்டார்கள், ஒருவன் குத்தியதையே அடுத்தவன் குத்திக்கொள்வான், எச்.ஐ.வி.யும் காமாலையும் அப்படித்தான் ரத்தத்துக்கு ரத்தம் தாவும் என்று அவள் விளக்கினாள். பழைய ஊசியை மூடி போட்ட டப்பாவில் போடச் சொல்லி, கேட்ட அளவு புதியது கொடுக்க வேண்டும். பேர் கேட்கக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது.

ஊராருக்கெல்லாம் இதைச் சரியாகச் செய்தவள், தம்பி வந்து நின்றதும் அக்காவாகிவிட்டாள். கேட்டதில் பாதிதான் கொடுத்தாள். கையில் குறைந்தால் பழக்கமும் குறையும் என்று நினைப்பு. அவனோ கூட்டாளி குத்திய ஊசியை வாங்கிக் குத்திக்கொண்டான். தெரிந்ததும் பதறிப்போய் ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டாள். அவன் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊசி கொடுப்பவளை எல்லாரும் ஒல்லி என்பார்கள். சின்னவனைவிட வயதில் இளையவள். அவளைத்தான் அவன் அக்கா என்றான். அவள் கூப்பிட்டதும் ரத்தமும் கொடுத்தான். நல்லவேளை, ஒன்றும் ஒட்டவில்லை. அந்த நல்ல செய்தியும் ஒல்லி வாயால்தான் இவளுக்கு வந்தது. அன்று முழுக்க வயிறு எரிந்ததாம்.

அதிலிருந்து பெரியவள் கண்ணுக்கு ஒல்லி பொட்டலம் கட்டினால் கோணல், பெருக்கினால் குப்பை. சின்னவன் ஏதாவது அசட்டு ஜோக் சொல்வான், ஒல்லி விழுந்து விழுந்து சிரிப்பாள். "அந்த ஜோக்கே நான் சொல்லிக் கொடுத்தது பெரியம்மா" என்று பெரியவள் என்னிடம் வந்து பொருமுவாள்.

ஒருநாள் ஒல்லிக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. சின்னவன் வந்தான். பெரியவள் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். வந்த வழியே திரும்பிவிட்டான். வெறுங்கையோடு போனால் யார் ஊசியில் போய் முடியும் என்று அவளுக்குத் தெரியாதா? அவன் வழக்கமாக வாங்குகிற அளவை முழுசாக அள்ளி, பஞ்சும் சுத்தத் தண்ணீர்க் குப்பியும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் ஓடினாள். பழக்கடை முன்னால் பிடித்து அவன் கையில் திணித்தாள். சாப்பிட்டாயா என்று நாக்கு நுனிவரை வந்ததாம். கேட்கவில்லை.

அவன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தான். எல்லாம் இருந்தது. சட்டைக்குள் வைத்துக்கொண்டு கேட்டான்:

"அந்த அக்காவுக்கு என்ன ஆச்சு?"

"காய்ச்சல்."

"பாவம். நான் விசாரிச்சேன்னு சொல்லு. அவங்க இல்லாத நாள்ல நீயே குடு."

பழக்கடைக்காரர் பார்க்க அவள் தலையை ஆட்டினாளாம்.

"விசாரிச்சதைச் சொன்னியாடி?" என்று நான் கேட்டேன்.

"சொன்னேன் பெரியம்மா, சொல்லாம என்ன" என்றாள். "அவ வந்து ரெண்டு நாள் போகட்டும்னு விட்டு, அப்புறம் சொன்னேன்."