முந்திக்கொண்ட மொட்டை

வேண்டுதல் பலித்த பிறகுதான் மொட்டை போட வேண்டும். ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் என் மரமண்டைக்கு மட்டும் ஏறவில்லை. மகள் திரும்பக் கிடைத்தால் முடி தருகிறேன் என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டவள், விசாரணைக்குப் போகிற அன்று காலையிலேயே கோயில் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கொடுத்துவிட்டேன். என் பங்கை முதலிலேயே முடித்துவிட்டால் அவர் எப்படிப் பின்வாங்குவார்?

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கணவர் இறந்த கையோடு எனக்கு டி.பி. வந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்த்துக்கொள்ள ஆளில்லாத என் ஆறு வயது மகளைக் குழந்தைகள் நலக் குழு திருவண்ணாமலையில் ஒரு காப்பகத்தில் சேர்த்தது. உடம்பு தேறி, கீழ்பென்னாத்தூரில் தையல் மெஷினும் வாடகை வீடுமாக நான் நிமிர்வதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதுவரை அவளைப் பார்க்கக்கூட முடியவில்லை. அன்றைக்குக் குழு சரி என்றால் என்னோடு வருவாள். இல்லையென்றால் காப்பகத்துக்கே திரும்பிவிடுவாள்.

தலை நிறையச் சந்தனத்தோடு, வாயெல்லாம் பல்லாக உள்ளே போனேன். குழுவின் தலைவி என்னையும் மனுவில் ஒட்டியிருந்த போட்டோவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதுல ஜடை இடுப்பு வரைக்கும் இருக்குது. நீங்க யாரும்மா?"

"நான்தாங்க மேடம். ஜடைய சாமிக்குக் குடுத்துட்டேன்."

மகளைக் கூட்டிவந்தார்கள். ஓடி வருவாள் என்று இரண்டு கைகளையும் நீட்டினேன். அவளோ வீலென்று அலறி, கூட வந்த காப்பகத்து அக்காவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். தலைவி பேனாவை மூடிவிட்டார். சாமியை மடக்கப் போய்ப் பெற்ற பிள்ளையையே தொலைத்தாயே, அவசரக்காரி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

புடவை ஓரமாக அவள் தலை மட்டும் எட்டிப் பார்த்தது. ஒரே சிக்கு. இடம் பொருள் பார்க்காமல் என் வாய் திறந்துகொண்டது.

"இன்னாடி இது, பரட்டத் தலயோட நிக்கிற? எண்ணெ வெச்சி எத்தினி நாளாச்சி? வாடி இங்க!"

பிறந்ததிலிருந்து அவள் காதில் விழுந்த அதட்டல் அது. முழுசாக வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனுக்காவது முடி இருக்குது. உனுக்கு?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இவங்க யாரு பாப்பா?" என்று கேட்டார்.

"எங்கம்மா," என்றாள் மகள், என் மொட்டையைத் தடவியபடி. பேனா மறுபடி திறந்தது.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை அவளுக்கே கொடுத்தேன். அவள் மலையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. டிக்கெட் கொடுத்த கண்டக்டரிடம் கூட, "எம் பொண்ணுங்க," என்று சொல்லிவைத்தேன்.

"எதுக்கும்மா மொட்ட அடிச்ச?"

"உன்னக் குடுக்கணும்னு."

"குடுக்கலன்னா?"

"முடி வளர்ற வரைக்கும் அந்த ஆபீஸ் வாசல்லயே குந்தினு இருப்பேன்."

"அப்பவும் குடுக்கலன்னா?"

"திரும்ப மொட்ட அடிச்சிக்கினு, திரும்பக் குந்துவேன்."