மும்தாஜ் அக்கா மாற்றிக்கொண்ட சைக்கிள்கள்

மும்தாஜ் அக்கா இறந்த செய்தி நம் சைக்கிள் குழுவின் வாட்ஸப்பில்தான் வந்தது. கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்துகொண்டிருக்கும்போதே அடுத்த செய்தியும் வந்தது: "அக்கா சைக்கிளோட ஒரு வடக்கன் மாட்டிகினான்." அதற்கும் சிலர் கட்டைவிரல் காட்டினீர்கள்.

செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தனியாகப் போய்த் திரும்பும்போது, திருமழிசை அருகே ஒரு தண்ணீர் லாரி அவரைப் பின்னாலிருந்து இடித்திருக்கிறது. அங்கே நசுங்கிக் கிடந்தது அவருடைய மஞ்சள் சைக்கிள் அல்ல, யாருடையதோ ஒரு துருப்பிடித்த சைக்கிள். ஏன் என்று போலீஸ்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியும்.

அம்பத்தூரில் என் அலுவலகத்தில் சம்பளப் பிரிவில் இருந்தார் அக்கா. பூந்தமல்லியிலிருந்து தினமும் சைக்கிளில்தான் வருவார். ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் கிளி, பக்கத்தில் பழைய ஆட்டோ ஹாரன், சக்கரக் கம்பிகளில் கலர் மணிகள். "திருவிழாக் கடை வருதுடா" என்று கிண்டல் செய்வோம். "மிதிக்கிறவ நானு. உனக்கு இன்னா வலிக்குது?" என்பார்.

நாம் தஞ்சாவூர் போனது உங்களுக்கு நினைவிருக்கும். கல்லணைக் கால்வாய்க் கரையில் எதிரே ஒரு குச்சி ஐஸ்காரர் வந்தார். அக்கா இறங்கி, "அண்ணே, அடுத்த பாலம் வரைக்கும் வண்டி மாத்திக்கலாமா?" என்று கேட்டார். எந்த ஊருக்குப் போனாலும் அது அவர் வழக்கம். ஐஸ்காரர் நம்மைச் சந்தேகமாகப் பார்த்தார், கிளியைப் பார்த்தார், சிரித்துவிட்டார். பக்கத்தில் தண்ணீர் நிறைந்து ஓட, மர நிழலில் அக்கா ஐஸ் பெட்டியோடு தள்ளாடிப் போனார். முன்னால் ஐஸ்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே பறந்தார். பாலம் வருவதற்குள் அக்கா வழியில் நின்ற பிள்ளைகளுக்கு ஐஸ் விற்றும்விட்டார்.

பழவேற்காட்டில் ஒரு மீன்காரரின் சைக்கிள். அவர் கண்ணுக்கு எட்டாத தூரம் போனதும் நான் கேட்டேன், "திருப்பித் தரலன்னா?"

"அவர் வண்டி என்கிட்ட கீதுல்ல? ஒரு ஊரப் பாக்கணும்னா அந்த ஊர்க்காரன் சீட்ல குந்திப் பாக்கணும்டா."

அதையெல்லாம் நீங்கள் படம் எடுத்துப் போட்டு லைக் வாங்கினீர்கள்.

பிடிபட்டவன் பெயர் சுனில். ஒடிசாக்காரன், திருமழிசையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. ஏரிக்கரையில் அக்கா கேட்டிருக்கிறார், அவன் மாற்றிக்கொண்டிருக்கிறான். கம்பெனி வாசலில் திரும்ப மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. லாரி ஓட்டியவர் அன்றே ஜாமீனில் போனார். சுனில் ஸ்டேஷன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

யாராவது என்னோடு வந்து அக்காவின் பழக்கத்தைச் சொல்லுங்கள் என்று குழுவில் எழுதினேன். "பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன் வருது மச்சான்" என்றார் ஒருவர். "செத்தவங்க பேரு கெட்டுடும், வுட்டுடு" என்றார் இன்னொருவர். முகம் தெரியாத ஆண்களோடு வண்டி மாற்றிய பெண் என்று பேசுவார்களாம். மற்றவர்கள் படித்துவிட்டுச் சும்மா இருந்தீர்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் கணவர் பஷீர் பாயிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் உடனே எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஸ்டேஷனில் ஏட்டு சிரித்தார். "இன்னா பாய், உங்க ஊட்டு லேடீஸ் ரோட்ல போறவன்கிட்டல்லாம் வண்டி மாத்திக்குவாங்களா?"

"மாத்திக்குவா சார். ஐஸ்காரர்கிட்ட மாத்திகினா, மீன்காரர்கிட்ட மாத்திகினா. வெளிய நிக்குதே உங்க ஜீப்பு, அதையும் கேட்டிருப்பா. இந்தப் பையன் திருடல. எழுதிக்கோங்க."

ஏட்டு சிரிப்பதை நிறுத்தினார். சாயங்காலம் சுனிலை விட்டார்கள். வாசலில் அவன் அரைகுறைத் தமிழில் பஷீர் பாயிடம் சொன்னான்: "ரொம்ப நேரம் அக்கா வரல. அதான் தேடி வந்தேன். அங்க பிடிச்சிட்டாங்க."

வரும் ஞாயிற்றுக்கிழமை அக்கா படம் போட்ட டீ-ஷர்ட்டோடு நினைவுப் பயணம் வைத்திருக்கிறீர்கள். நான் வரவில்லை. கால்வாய்க் கரைப் படங்களையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்வது, "மாத்திக்குவா சார்" என்று அவர் கணவர் தலை குனியாமல் சொன்ன அந்தச் சொல்லை. அக்கா அப்படி ஒரு மனிதரோடு வாழ்ந்தார். நம்மோடு சைக்கிள் மட்டும்தான் ஓட்டினார்.