தங்கச்சி சதை போட்ட லீவு

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஊர் உலகத்துக்கு ஆண்டாள் ஞாபகம் வரும், தேர் ஞாபகம் வரும், பால்கோவா ஞாபகம் வரும். ராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த தெருப் பிள்ளைகளுக்கோ அந்தப் பெயரைக் கேட்டாலே ஓடி ஒளியத் தோன்றும். சோறு உண்ணாத பிள்ளையை மற்ற ஊர்களில் பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுப்பதாகச் சொல்வார்கள். எங்கள் தெருவில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்வார்கள்.

இந்தப் பயத்துக்கு மூலம் பால்வாடி. எங்கள் தெருவில் பெரும்பாலான அம்மாக்களைப் போல என் அம்மாவும் நூல் மில்லுக்குப் போனாள். அப்பா லாரி ஓட்டினார், நினைத்துக்கொண்டாற்போல வீட்டில் தலை காட்டுவார். மூத்தவள் நான், பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. இரண்டு வயது தாண்டிய தங்கச்சியைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டது அரசாங்கம்தான். பால்வாடியில் சோறு போட்டார்கள், முட்டை கொடுத்தார்கள், பாய் விரித்துத் தூங்க வைத்தார்கள், வீட்டுக்குச் சத்துமாவு பாக்கெட்டும் கொடுத்துவிட்டார்கள். அதோடு நின்றிருந்தால் தெருவே கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். மாதம் ஒரு நாள் எடை போட்டார்கள், அதுதான் வினை. உத்தரத்தில் தராசைக் கட்டி, கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்த துணிப்பையில் பிள்ளையை மாட்டித் தொங்கவிடுவார்கள். எடை ரொம்பக் குறைந்திருந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்வார் டீச்சர். தாயும் பிள்ளையும் அங்கேயே இரண்டு வாரம்போலத் தங்க வேண்டும்.

தெருக்கோடி வீட்டுப் பையன் ஒருவன் அப்படித்தான் போனான். வேனில், தலைமுதல் கால்வரை துணி சுற்றித் திரும்பி வந்தான். டீச்சர் எத்தனையோ முறை வந்து கூப்பிட்டும் அனுப்பாமல், மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பகுதியைத் தெருவில் யாரும் சொன்னதில்லை. ஒல்லிப் பிள்ளைகளை கவர்மெண்டு கொண்டுபோய்விடும் என்றுதான் எனக்குப் புரிந்திருந்தது. தங்கச்சியோ தெருவிலேயே ஒல்லி.

அந்த வருஷம் வெயில் தொடங்கியதும் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பக்கத்து வீட்டில் இருந்த பெரியம்மா, அப்பாவின் அண்ணி, வந்து பார்த்து மாந்தம் என்று தீர்ப்புச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் அப்பீல் இல்லாத கோர்ட்டு அது. முட்டை கூடாது, பருப்பு கூடாது, பால் வாடையே ஆகாது. கஞ்சித் தண்ணீரும் வரக்காப்பியில் நனைத்த ரஸ்க்கும் மட்டும். வயிறு சரியான பிறகும் பத்தியம் நீண்டது. சத்துமாவு சூடு என்பதால் அது பெரியம்மா வீட்டு ஆட்டுக்குப் போனது. ஆடு நன்றாகத் தேறியது.

முழுப்பரீட்சை லீவுக்கு முந்தைய எடையில் தராசு முள் அசைந்ததே பெரிது என்றார் டீச்சர். "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தாம்மா" என்று அம்மாவிடம் சொன்னார். இரண்டு வாரம் மில்லுக்குப் போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்பது அம்மாவின் கவலை. எனக்கு அந்த வேன்தான் கண்ணுக்குள்ளேயே நின்றது.

லீவில் பால்வாடியும் மூடிவிட்டார்கள். அம்மா வேலைக்குப் போனதும் தங்கச்சி என் பொறுப்பு. தெருவில் எந்த வேன் சத்தம் கேட்டாலும் அவளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். தண்ணீர் வேனாக இருக்கும், ஐஸ் விற்கிற வேனாக இருக்கும். சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை அவள் வாயைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பேன். சாமியிடம் வேறெதுவும் கேட்கவில்லை, இவளைக் குண்டாக்கிவிடு என்று மட்டும்தான் கேட்டேன்.

சாமி கேட்டுவிட்டது. லீவு பாதி போனபோது தங்கச்சிக்குக் கன்னம் வைத்தது. பாதம் இரண்டும் உப்பி, கொலுசு இறுக்கிப் பிடித்தது. காலையில் கண் திறக்க முடியாத அளவுக்கு முகம் சதை போட்டிருந்தது. அம்மா மில்லிலிருந்து வந்ததும், தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் அவளைத் தூக்கிக் கொஞ்சினாள். பெரியம்மா தன் வைத்தியத்தைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டாள். கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்து, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே வாசல் வாசலாக நடந்தேன். அவள் முன்பு போல விளையாடவில்லை, அழவில்லை, வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சமத்தாகிவிட்டாள் என்றோம். முடி செம்பட்டையானதற்கு வெயிலைத் திட்டினோம்.

பால்வாடி திறந்தது. அம்மா அவளை அனுப்பவில்லை.

"தேறி வர்ற பிள்ளையத் தராசுல தூக்கக் கூடாதுட்டி. கண்ணு பட்டுரும்" என்று பெரியம்மா சொல்லியிருந்தாள். நம் பக்கத்தில் அப்படித்தானே. மெலிந்த பிள்ளைக்குத் திருஷ்டி கிடையாது, கொழுத்த பிள்ளைக்குத்தான் ஆயிரம் கண்.

பிள்ளை வராததால் ஒரு சாயந்திரம் டீச்சரே வீட்டுக்கு வந்தார். அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். "பாருங்க டீச்சர், எம்புட்டுச் சதை போட்டுட்டா!" என்று தங்கச்சியைத் தூக்கிக் காட்டினாள். சிரித்துக்கொண்டே குனிந்த டீச்சருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. தங்கச்சியின் பாதத்தைக் கையில் எடுத்து, மேல்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து மெல்ல அமுக்கினார். செத்த நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு விரலை எடுத்தார்.

அங்கே ஒரு குழி விழுந்திருந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்தாற்போல. குழி மேலெழவே இல்லை.

"தங்கச்சி கால்ல ஓட்டை போட்டுட்டாக!" என்று நான் கத்தின கத்தலில் தெரு கூடிவிட்டது. பெரியம்மா ஓடி வந்தாள்.

"இது சதையில்லம்மா, நீரு. சத்தே இல்லாம உடம்பு பூரா நீர் கோத்திருக்கு. இப்பவே கிளம்பு" என்றார் டீச்சர்.

"பச்சப்பிள்ளையக் கண்ணு வைக்கதுக்குன்னே வந்திருக்காக. ஒல்லியா இருந்தாலும் கொண்டுபோவிய, சதை போட்டாலும் கொண்டுபோவியளோ?" என்று பெரியம்மா கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். நான் தங்கச்சியின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டீச்சர் போகவில்லை. நடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆளாளுக்கு ஏசினார்கள். டீச்சர் எழுந்திருக்கவில்லை, பதிலுக்குக் கோபப்படவும் இல்லை. விளக்கு வைக்கும் நேரமாயிற்று. "மில்லுல நான் வந்து பேசுதேன். அங்க தங்குத நாளுக்கு உனக்கும் கவர்மெண்டே படிக்காசு குடுக்கும். நானும் உங்கூடவே வாரேன். ஏந்திரிச்சு வாம்மா" என்று வாசலில் இருந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே அம்மா தங்கச்சியை மடியில் போட்டு, அவளுடைய மற்றக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். எடுத்தாள். கணுக்காலுக்கு மேலே அமுக்கினாள். முழங்காலுக்குக் கீழே அமுக்கினாள். அவள் விரல் பட்ட இடமெல்லாம் குழி நின்றது. வாசல் பக்கம் நின்ற பெரியம்மாவை அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பெரியம்மா விலகி வழிவிட்டாள். அம்மா ஒரு துண்டை எடுத்துப் பிள்ளையைச் சுற்றினாள். துண்டைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் முடிந்துபோயிற்று. பஸ் ஸ்டாப்வரை அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். பெரியம்மா என்னைப் பிடித்துத் தூக்கி வந்தாள்.

ஒரு வாரத்துக்கு மேல் பெரியம்மா வீட்டில் கிடந்தேன். சோறு இறங்கவில்லை. வேன் சத்தம் கேட்டால் இப்போது ஒளியவில்லை, வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். அப்பா லாரியிலிருந்து வந்து என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸில் எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

அந்த வார்டில் சுவரெல்லாம் கிளியும் முயலும் வரைந்திருந்தார்கள். மூலைக் கட்டிலில் அம்மா இருந்தாள். அவள் மடியில் இருந்தது தங்கச்சி என்று எனக்குப் பிடிபடவே நேரமாயிற்று. கன்னம் இல்லை. விலா எலும்பு வரிவரியாகத் தெரிந்தது. என் கண்ணெதிரே நர்ஸ் அவளைத் தூக்கித் தராசில் வைத்தார்.

"போன தடவைக்கு இன்னும் குறைஞ்சிருக்கு, ரொம்ப நல்லது" என்றார். அம்மா சிரித்தாள். அவளுக்கு மாற்றுச்சேலை கொண்டுவந்திருந்த பால்வாடி டீச்சரும் சிரித்தார். பிள்ளை எடை குறைந்ததற்குச் சிரிக்கிறார்கள்! மூன்று பேரும் கூட்டு என்று நினைத்தேன். அம்மாவுமா?

"இங்க வா, பாரு" என்று அம்மா என்னைக் கூப்பிட்டாள். தங்கச்சியின் பாதத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கி எடுத்தாள். "பாத்தியா? குழி விழல!" அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

தோலும் எலும்புமாக இருந்த அந்தக் காலில் அமுக்குவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. வடிந்துபோனது நீர், மடியில் இருப்பவள்தான் எங்களுக்கு மிஞ்சிய தங்கச்சி என்பதை எனக்கு விளக்கிச் சொல்ல அங்கே யாருக்கும் நினைவு வரவில்லை. அவளை முழுசாகக் கொடுங்கள் என்று நான் தரையில் விழுந்து அழுதேன். அக்காளுக்குத் தங்கச்சி மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று டீச்சர் என்னைத் தூக்கி நிறுத்தினார். நான் அவர் கையைக் கடித்தேன்.