கடை டேப்லெட்டில் இருந்த முகம்

ருசே நகரத்தில் விலை உயர்ந்த போன் வாங்க நினைப்பவர்கள் ரலிட்சாவைத்தான் தேடி வருவார்கள். எங்கள் கடை அப்படியொன்றும் பெரிய கடை இல்லை. வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், ஒரு செருப்புக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்னால் இரண்டு நீளமான வெள்ளை மேசைகள். அந்த வருடத்துப் புதுப் போன்களும் டேப்லெட்டுகளும் அவற்றின் மேல் மெல்லிய கம்பியில் கட்டப்பட்டுக் கிடக்கும். பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து உடைந்த திரைகளை மாற்றுவது என் வேலை. அவளோடு பதினோரு வருடம் வேலை செய்திருக்கிறேன்.

அவள் விற்கும் விதமே தனி. ஒருமுறை பன்றிப் பண்ணைக்காரர் ஒருவர் வந்து, இருப்பதிலேயே விலை கூடிய போனைக் கேட்டார்.

"எதுக்குண்ணே உங்களுக்கு அது?"

"எனக்கென்னம்மா தெரியும்? மருமகன் வெச்சிருக்கான். எனக்கும் வேணும்."

"கையைக் காட்டுங்க." அவர் காட்டினார். ஒவ்வொரு விரலும் கேரட் பருமன். "இந்த விரலுக்கு அந்தப் போன் ரெண்டு நாள் தாங்காது. மருமகனை ஜெயிக்கணும்னா இந்த டேப்லெட்டை எடுத்துக்கோங்க. அவன் போனை விட மூணு மடங்கு பெருசு."

அவர் வயிறு குலுங்கச் சிரித்து, அதையே வாங்கிக்கொண்டு போனார். அவளுக்கு அப்போது வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். கல்யாணம் ஆகி, பிரிந்து, நாலாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் அம்மா தோன்காவோடு இருந்தாள். அந்த வீட்டில் இன்னொரு ஆளும் இருக்க வேண்டியது. அவளைவிட நாலு வயது மூத்த அண்ணன், லூபென்.

லூபென் 2011-இல் ஸ்பெயினுக்குப் பழம் பறிக்கப் போனான். அந்த வருடம் செப்டம்பரில் ஒரு நாள் போன் செய்து, "லாரி ஓட்டுற வேலை கிடைச்சிருக்கும்மா, அடுத்த வாரம் பேசுறேன்" என்றான். அதுதான் கடைசி. அடுத்த வாரமும் பேசவில்லை, அடுத்த வருடமும் பேசவில்லை. போலீஸ், தூதரகம், அங்கே வேலை செய்யும் ஊர்க்காரர்கள் என்று எல்லோரையும் கேட்டாயிற்று. அந்தப் பெயரில் யாருமே இல்லை என்றார்கள். தோன்கா போனைத் தலையணைக்கு அடியில் வைத்தே தூங்கினாள். குளிக்கப் போனாலும் கதவைத் திறந்து வைத்து, போனை முக்காலியில் வைத்துக்கொண்டுதான் குளிப்பாள்.

ஏழு வருடம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த ரலிட்சா ஒரு நாள் வக்கீலைப் பார்த்தாள். இத்தனை வருடம் தகவல் இல்லாதவரை இறந்தவராக அறிவிக்க நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்றார் அவர். மனுவில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

"ஒரு முடிவு வேணும் கமென். அம்மா உக்காந்து அழட்டும். அழுது முடிக்கட்டும். காத்துக்கிட்டே இருக்கிறதுதான் அவங்களைத் தின்னுது" என்று என்னிடம் சொன்னாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

தீர்ப்பு வந்தது. தோன்கா அழுதாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு செப்டம்பரிலும், அந்தக் கடைசி அழைப்பு வந்த வாரத்தில், மகன் படம் போட்ட நினைவஞ்சலித் தாளை அச்சடித்து நாலு இடத்தில் ஒட்டுவாள்: வீட்டு வாசற்கதவு, மாதா கோயில் சுவர், அவன் படித்த பள்ளிக்கு எதிர்ச் சுவர், பேருந்து நிலையத்து லிண்டன் மரம். இறந்தவர் நினைவாகக் கொடுக்கும், சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு படிப்படியாக இறங்கி அண்டை வீடுகளுக்குக் கொடுப்பாள்.

அவன் காணாமல் போன பன்னிரண்டாவது வருடம், கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடைக்கு ஒரு புதுப் போன் வந்திருந்தது. படத்தில் இல்லாத ஆளை அதில் கொண்டுவந்து சேர்க்கலாம். பழைய படம் ஒன்று இருந்தால் போதும், அந்த ஆள் நம் பக்கத்தில் நிற்பது போலச் செய்துவிடும். வெளிச்சம், நிழல், தோளில் போட்ட கை எல்லாம் கச்சிதமாக இருக்கும். ரலிட்சா அதில் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் லூபெனை உட்கார வைத்துக் கொடுத்தாள். தோன்கா அந்தப் படத்தை இரண்டு நாள் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாளாம். பிறகு அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அடுத்த செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை.

புது மாடல் வெளியான வாரம். கடையில் கூட்டம். ரலிட்சா ஒரு மணிக்குச் சாப்பிடப் போனாள். மேசையை நான் பார்த்துக்கொண்டேன். பெரிய டேப்லெட்டுக்கு முன்னால் ஒரு தாடிக்காரர் வெகு நேரம் நின்றிருந்தார். வெளுத்த நீலச் சட்டை, தோளில் ஒரு பை, கையில் ஏதோ ஒரு தாள். திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"ஐயா, வாங்கப் போறதில்லன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஆள் நிக்குது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "மன்னிச்சுக்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவ்வளவுதான். அந்த முகத்தை நான் நினைவிலும் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டரை மணிக்கு ரலிட்சா வழக்கம்போல் மேசைகளைத் துடைக்க ஆரம்பித்தாள். விரல் ரேகையைத் துடைப்பாள், வருகிறவர்கள் எடுத்துவிட்டுப் போகும் படங்களை அழிப்பாள். நாக்கை நீட்டும் பள்ளிப் பிள்ளைகள், உதட்டைக் குவிக்கும் பெண்கள், தெரியாமல் அழுத்தியவர்களின் மூக்குத் துவாரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது கிண்டல் சொல்லிக்கொண்டே அழிப்பது அவள் பழக்கம். நான் தடுப்புக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

திடீரென்று பேச்சு நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தேன். அவள் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"கமென். இங்க வா."

திரையில் அந்தத் தாடிக்காரர் இருந்தார். நெஞ்சுக்கு நேராக ஒரு தாளைப் பிடித்திருந்தார். தாளில் ஓர் இளைஞனின் படம். அதற்குக் கீழே, 'நீ இல்லாமல் பதின்மூன்று ஆண்டுகள்.'

அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இமை முடியைக் கூட எண்ணலாம் என்று வாங்க வருகிறவர்களிடம் அவள் சொல்லும் கேமரா அது. உண்மையிலேயே எண்ண முடிந்தது. தாளில் இருந்த கண்ணும் தாளைப் பிடித்திருந்தவரின் கண்ணும் ஒரே கண்.

"இது எத்தனை மணிக்கு எடுத்தது?" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"ஒன்னு நாப்பது." என்றேன். "ராலி... நான் இந்த ஆளைப் பார்த்தேன். நான்தான் தள்ளி நிக்கச் சொன்னேன்."

அவள் காதில் அது விழவில்லை. தாளின் மூலையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். அதில் நீல நிற ஒட்டுநாடாத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"நீல டேப். மத்த மூணு இடத்துலயும் வெள்ளை டேப்தான். அது தீந்துபோய் பஸ் ஸ்டாண்டு மரத்துல மட்டும் அம்மா நீலத்துல ஒட்டினாங்க. நான்தான் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வந்து இறங்கினதும் மரத்துல பாத்திருக்கான். அப்படின்னா திரும்பிப் போறதுக்கும்..."

முடிக்கவில்லை. டேப்லெட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கம்பி அறுந்தது. எச்சரிக்கை மணி வளாகம் முழுக்க அலறியது. மேலாளர் வெசலின் உள்ளிருந்து ஓடி வந்து, "ஏய், என்ன பண்றே?" என்று கத்த, அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். காவலாளி பின்னால் ஓடினான். நானும் ஓடினேன்.

"விடுய்யா! திருட்டு இல்ல! அவ அண்ணன்!" என்று கத்தினேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, நின்றுவிட்டான்.

என் காரில் பேருந்து நிலையத்துக்கு ஆறு நிமிடம். லிண்டன் மரத்தில் மூன்று நீலத் துண்டுகள் மட்டும் ஒட்டியிருந்தன. தலைநகர் சோஃபியாவுக்குப் போகும் பேருந்து புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில், மடியில் பையோடு, அவர்.

ரலிட்சா அவருக்கு மூன்றடி தூரத்தில் நின்றாள். அவர் எழுந்தார்.

"ராலி."

"நீ செத்துட்டே" என்றாள் அவள்.

"ஆமா. படிச்சேன்." மடித்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "கோர்ட்ல சொல்லிட்டாங்களாமே. பள்ளிக்கூடத்துக்கிட்ட ஒரு பொம்பளை சொன்னா. நான் யாருன்னு அவளுக்குத் தெரியல. நீ வேலை செய்யுற கடையும் அவதான் சொன்னா. கோர்ட்டுக்குப் போனது யாரு, அம்மாவா?"

"நான்."

அவர் தாளைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்தார். "சரியாத்தான் செஞ்சிருக்கே."

அவள் கைப்பையால் அவரை அடிக்க ஆரம்பித்தாள். தோளில், முதுகில், தலையில். "சரின்னு சொல்லாதே! என்ன வேணா சொல்லு, சரின்னு மட்டும் சொல்லாதே! எங்கடா போனே? எங்க போனே?"

பேருந்து ஓட்டுநர் தலையை நீட்டி, "ஏறுறீங்களா இல்லையா?" என்றார். பதில் வராததால் போய்விட்டார்.

எங்கே போனான் என்பதை வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னான். அவனை லாரியோடு பிடித்திருக்கிறார்கள். சரக்குக்கு நடுவே போதைப்பொருள். அவனிடம் இருந்தது நண்பன் ஒருவனின் ஓட்டுநர் உரிமமும் அடையாள அட்டையும். அந்தப் பெயரிலேயே ஒன்பது வருடச் சிறை. வெளியே வந்து ஆலிவ் தோட்டத்தில் மூன்று வருடம். வண்டியில் என்ன இருந்தது என்று தனக்குத் தெரியாது என்கிறான். நம்புகிறேன் என்றும் சொல்ல மாட்டேன், நம்பவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

"ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணியிருக்கலாமே?" என்றாள் ரலிட்சா.

"முதல்ல வெக்கம். அப்புறம் வருஷம் ஆயிடுச்சு. வருஷம் ஆக ஆக என்னன்னு ஆரம்பிக்கிறதுன்னு தெரியல." பிறகு என் பக்கம் திரும்பினான். "கடையில நீதானே என்னைத் தள்ளி நிக்கச் சொன்னே?"

"ஆமாண்ணே. மன்னிச்சுக்கோங்க."

"அட விடு. இந்த ஊருக்கு வந்து முகத்தைப் பாத்துப் பேசின ரெண்டாவது ஆள் நீ. அந்தத் தாள்ல இருக்கிறது நான்தானான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கண்ணாடியில பாக்கிற மாதிரி பாக்கலாம்னு நின்னேன். படம் எடுத்துடுச்சுன்னு கூடத் தெரியாது."

தோன்காவுக்கு இதயம் பலவீனம். திடீரென்று எதிரே நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று பயம். அதனால் முதலில் படத்தைக் காட்டிச் சொல்வது, பிறகு ஆளைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தோம். லூபெனை மூன்றாவது மாடிப் படியில் நிற்க வைத்துவிட்டு நாங்கள் இருவரும் மேலே போனோம்.

தோன்கா சமையலறையில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். ரலிட்சா டேப்லெட்டை மேசையில் வைத்து, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். தோன்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"தாடி எதுக்கு வெச்சே?" என்றாள்.

"நான் வெக்கலம்மா. அவன்தான் வெச்சிருக்கான்."

"கிறிஸ்துமஸுக்கு ஒன்னு செஞ்சு குடுத்தே. அது போதாதா? இப்ப வயசான மாதிரி செஞ்சிருக்கே. கையில என் தாளையே குடுத்திருக்கே." அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "போன் கடைக்காரி உனக்கு இதெல்லாம் விளையாட்டு. பெத்தவகிட்ட விளையாடுவியா? கமென், நீயும் இதுக்குக் கூட்டா?"

"இல்லம்மா, நானே என் கண்ணால..."

"வெளியே போங்க ரெண்டு பேரும்."

படியில் நின்றவனுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "அம்மா, படம் இல்லம்மா. நான்தான்" என்று கீழிருந்து குரல் கொடுத்தான்.

தோன்கா அசையவில்லை. டேப்லெட்டை வெறித்துப் பார்த்தாள். "குரலையும் செய்றாங்களாமே. டிவியில சொன்னாங்க."

ரலிட்சா சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பதினோரு வருடத்தில் அவளை வார்த்தை இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

லூபென் கதவில் வந்து நின்றான். தோன்கா எழுந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. கிட்டே போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு புறங்கையை, கழுத்தை, தாடியை.

"சூடா இருக்கு" என்றாள் எங்களைப் பார்த்து. ஏதோ புகார் சொல்வது போல. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "அப்ப நான் யாருக்குக் கோதுமை அவிச்சேன்?" என்று கேட்டாள். அடுப்பில் மிளகாய் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. யாருக்கும் அதை அணைக்கத் தோன்றவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் மகனோடு அதிகம் பேசவில்லை. அவன் தூங்கும்போது அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாளாம். கோதுமை வாங்கிச் சாப்பிட்ட அண்டை வீட்டார் படியில் லூபெனைக் கண்டு சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

டேப்லெட்டுக்கு வெசலின் ஒன்றும் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு ஒரு கிளாஸ் ராக்கியா சாராயம் குடித்தார், கணக்கை அவரே முடித்துக்கொண்டார். ரலிட்சா அந்தப் படம் சேர்க்கும் வித்தையை அதற்குப் பிறகு யாருக்கும் காட்டியதில்லை. கேட்டால் என்னைக் கைகாட்டிவிடுவாள்.

அண்ணனுக்கு ஒரு போன் நம்பர் வாங்கித் தர நினைத்தாள். அடையாள எண்ணைத் தட்டினால், 'இறந்தவர்' என்று கணினி திருப்பி அனுப்பியது. மூன்று தடவை தட்டினாள். மூன்று தடவையும் அதே சொல். அவன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, "விடு ராலி, இப்ப நான் யாருக்குப் பேசப் போறேன்" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லைக் கணினியில் ஏற வைத்தது தன் கையெழுத்துதானே.

அதை மாற்ற மறுபடி நீதிமன்றம், மறுபடி மனு. பதினோரு மாதம் ஆனது. விசாரணைக்கு நானும் சாட்சியாகப் போனேன். தற்செயலாக அதே நீதிபதி. காகிதத்தைப் புரட்டியபடியே கேட்டார்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி இவர் இறந்ததா அறிவிக்கணும்னு கேட்டது நீங்கதானே?"

"ஆமா."

"இப்ப உயிரோட இருக்கிறதா சொல்றீங்க. என்ன ஆதாரம்?"

"அதோ உக்காந்திருக்கான்" என்றாள் ரலிட்சா.

நீதிபதி தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். "எழுந்து நில்லுங்க" என்றார் கடைசியில். லூபென் எழுந்து நின்றான்.

வெளியே வந்ததும் ஆற்றோரக் கடையில் பொரித்த மீன் வாங்கினோம். அண்ணன் பசியோடு சாப்பிட்டான். தங்கை தட்டைத் தொடவில்லை. முள்கரண்டியை எடுத்தாள், திரும்பக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். லூபென் அதைப் பார்த்தான். தன் தட்டிலிருந்து ஒரு மீனை எடுத்து, முள் நீக்கி, அவள் தட்டில் வைத்தான்.

"சாப்பிடு" என்றான்.

கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிட்டாள்.