நெளிந்த பாட்டில்

வெள்ளிமலையில் இறுக்கி மூடிய காலித் தண்ணீர் பாட்டில், பஸ் அடிவாரத்துக்கு வருவதற்குள் தானாகவே நெளிந்துவிடும். இன்றைக்கும் என் பையில் ஒன்று கிடந்து படக் படக்கென்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் வயிறு எரியும்.

அப்போது மேடமும் நானும் வெள்ளிமலையில் ஒரே பள்ளியில் அறிவியல் ஆசிரியர்கள். எட்டாம் வகுப்பில் ‘ஏ’ பிரிவு எனக்கு, ‘பி’ பிரிவு அவருக்கு. காற்றழுத்தப் பாடத்துக்கு நான் கலர் சாக்பீஸில் போடும் படத்தைப் பார்க்க மற்ற ஆசிரியர்களே வந்து நிற்பார்கள். மேடத்துக்கு ஒரு கோடுகூட நேராக வராது. அவர் பிள்ளைகளை ஒரு மூலையில் நெருக்கி நிற்கவைப்பார். பிறகு வராந்தா முழுக்கப் பரவச் சொல்வார். அதுதான் கீழே இருக்கும் காற்றும் மலைமேல் இருக்கும் காற்றுமாம். பஸ் ஏறும்போது காது அடைப்பதை நடித்துக் காட்டச் சொல்வார். கீழேயிருந்து வந்து உப்பிப்போன சிப்ஸ் பாக்கெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கச் சொல்வார். எல்லாம் முடிந்த பிறகுதான் படம், அதையும் பிள்ளைகளே வரைய வேண்டும். அந்தக் கும்மாளம் சுவரைத் தாண்டி வரும்போது என் வகுப்பில் ஒரு கண்ணும் போர்டில் இருக்காது. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் ‘பி’ பிரிவு.

ஒரு மாலை, பள்ளி விட்டுக் கள்ளக்குறிச்சியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இறங்கும் பஸ்ஸில், மகள் ஒரு பாட்டிலை என் காதருகே பிடித்தாள். வளைவுக்கு வளைவு அது நெளிந்துகொண்டு வந்தது. “கேக்குதாப்பா? வெளிய இருக்கற காத்து அமுக்குது. மேடம் சொன்னாங்க” என்றாள். இதே பாடத்தை வீட்டில் எத்தனையோ முறை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவாளே தவிர, ஒரு நாளும் அவள் கண் அப்படி விரிந்ததில்லை. பெற்றவன் நான் இருக்க, பெயர் மேடத்துக்கா என்று பொருமினேன்.

நெளிந்த அந்தப் பாட்டிலையே மறுநாள் என் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் மகள் மெதுவாக, “மூடியத் தெறக்காம எடுத்துக்கினு வரீங்களே, பரவால்லியாப்பா?” என்றாள். எனக்குத் தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன். வகுப்பில் பையைத் திறந்தால், கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி உருண்டையாக நின்றது பாட்டில். மலை ஏற ஏற நெளிவெல்லாம் நிமிர்ந்துவிட்டிருந்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மேடம் எட்டிப் பார்த்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, “எறங்குனா நெளியுது, ஏறுனா நிமுருது. ரெண்டையும் காட்டிட்டீங்களே சார்” என்றார். கிண்டல் இல்லை, மெய்யாகவே சந்தோஷப்பட்டார். அதுதான் இன்னும் எரிந்தது.

மேடம் மாறுதலில் போய் வருஷங்கள் ஆகின்றன. மகள் இப்போது கரியாலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சற்றுமுன் போன் செய்தாள். முதல் முறையாகக் காற்றழுத்தம் நடத்தினாளாம். அப்பாவின் உருண்டை பாட்டில் கதையைத்தான் சொன்னாளாம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம், எல்லாருக்கும் புரிந்துவிட்டதாம். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அத்தோடு போனை வைத்திருக்கலாம்.

“மேடத்துகிட்ட சொன்னியா?” என்று கேட்டுவிட்டேன். “அவங்களுக்குத்தாம்பா மொதல்ல போன் பண்ணேன்” என்றாள்.

பஸ் கடைசி வளைவில் திரும்புகிறது. பைக்குள் பாட்டில் இன்னும் நெளிந்துகொண்டிருக்கிறது.